கழற்றி மாட்டும் கணக்கு: செட்டிநாட்டுச் சைக்கிள் பயணத்துக்கு எந்தப் பை?

டிசம்பர் கடைசியில் நண்பர்கள் மூன்று பேர் சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு காரைக்குடி வருகிறார்கள். நான்கு நாள் திட்டம். அதற்கு இப்போதே ராத்திரி பதினொரு மணிக்கெல்லாம் எனக்கு லிங்க் வந்து குவிகிறது. இந்தப் பை எப்படி, அந்தப் பை எப்படி, 40 லிட்டர் போதுமா, வாட்டர்ப்ரூஃப் கட்டாயமா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை வலிக்கிறது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

லிட்டர், விலை, பிராண்டு எல்லாம் அப்புறம். நான் திருப்பிக் கேட்கிற கேள்வி ஒன்றுதான். ஒரு நாளில் எத்தனை தடவை சைக்கிளை வெளியே விட்டுவிட்டு உள்ளே போவீர்கள்?

முதல் நாளை எண்ணிப் பாருங்கள். காரைக்குடியில் கிளம்பி கோட்டையூர், பள்ளத்தூர் வழியாகக் கானாடுகாத்தான். கோட்டையூரில் ஒரு டீ, பள்ளத்தூரில் ஒரு பழைய வீட்டு வாசலில் நின்று போட்டோ, கானாடுகாத்தானில் பார்க்க விடுகிற வீடுகள் இரண்டு, அங்கேயே மத்தியானச் சாப்பாடு, பிறகு ஆத்தங்குடியில் தரைக்குப் பாவுகிற கல் செய்கிற பட்டறை, வாங்காமல் வர மாட்டீர்கள், சாயங்காலம் திரும்பி மாடியில் இருக்கிற லாட்ஜ் அறை. ஏழு தடவை ஆகிவிட்டது, ஓட்டியதென்னவோ நாற்பது கிலோமீட்டருக்குப் பக்கம்தான். மறுநாள் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, வயிரவன்பட்டி. மூன்றிலும் கோயிலுக்குள் போக வேண்டும், குன்றக்குடியில் படியேறவும் வேண்டும். திருமயம் கோட்டைக்குப் போனால் அங்கேயும் ஏற்றம்தான். இதே ஆட்கள் காரைக்குடியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஒரே மூச்சில் போகிறார்கள் என்றால் கதை வேறு. நூற்று நாற்பது கிலோமீட்டருக்குப் பக்கம் வரும், இறங்குவது மூன்று நான்கு தடவை, அதுவும் கண்ணெதிரே சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு இளநீர் குடிக்க. அந்தப் பயணத்துக்குச் சரியான பை இந்தப் பயணத்துக்குத் தொல்லை.

இந்த ஊர்களில் உங்கள் பையை யாரும் தூக்கிக்கொண்டு ஓடப் போவதில்லை, அந்தப் பயத்தில் சொல்லவில்லை. ஆனால் பாஸ்போர்ட், கேமரா, பணம் எல்லாம் வெளியே இருக்கிறதே என்ற நினைப்போடு வளவில் (வீட்டின் உள்முற்றம்) நின்று பர்மாத் தேக்குத் தூணை அண்ணாந்து பார்த்தால் தூண் தெரியாது, பைதான் தெரியும். அப்புறம், ஆடு. பலகாரப் பொட்டலம் வெளியே தெரிந்தால் செட்டிநாட்டு ஆடு விடவே விடாது, அனுபவம்.

சரி, ஒவ்வொன்றாக.

முதுகுப் பையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, செலவில்லை, இறங்கினால் கூடவே வந்துவிடுகிறது, கழற்றுகிற வேலையே கிடையாது. என் கணக்குப்படி பார்த்தால் முதல் மார்க் இதற்குத்தான் போட வேண்டும். போடாததற்குக் காரணம் வெயில். டிசம்பரிலேயே பத்து மணிக்கு மேல் முதுகு நனைந்து சட்டை ஒட்டிக்கொள்ளும், சித்திரை வைகாசியில் கேட்கவே வேண்டாம். பாரம் தோளிலிருந்து இறங்கி உட்காருகிற இடத்தில் போய் அழுத்தும், இரண்டாம் நாள் அது தெரியும். மூன்று கிலோவுக்குள், ஒரு நாளைக்கு இருபது முப்பது கிலோமீட்டர் என்றால் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். நான்கு நாளுக்கு வேண்டாம்.

அடுத்தது பைக்பேக்கிங் செட். லிங்க் அனுப்பியதில் பாதி இதுதான், போட்டோவில் அழகாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். சீட்டுக்குப் பின்னால் வால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு பை, ஃப்ரேமின் முக்கோணத்துக்குள் ஒன்று, ஹேண்டில்பாரில் சுருட்டிக் கட்டிய ஒன்று. மூன்றும் சேர்ந்து 25 லிட்டர் அளவுக்கு வரும். கேரியர் வேண்டாம், கேரியர் மாட்டுவதற்கு ஃப்ரேமில் ஓட்டை இல்லாத சைக்கிளிலும் கட்டலாம். கல்லும் குழியுமான மலைப்பாதையில் நாள் முழுக்க ஓட்டுகிறவர்களுக்கு ஏற்றது இது. கேரியர் போல்ட் ஆடாது, பக்கத்தில் துருத்திக்கொண்டு புதரில் மாட்டாது, கேரியரும் சைடு பையும் சேர்ந்த எடையோடு ஒப்பிட்டால் ஒன்றரை இரண்டு கிலோ மிச்சம்.

இங்கே நமக்கு மலைப்பாதை எங்கே இருக்கிறது? செட்டிநாட்டில் ரோடு பெரும்பாலும் சமதளம், தார் போட்டது. மிஞ்சிப் போனால் ஊருணிக் கரையை ஒட்டிச் செம்மண் தடம், அதில் எந்தப் பையோடும் போகலாம். அதனால் இந்தப் பையின் பெரிய லாபம் நமக்குப் பயன்படாது. தொல்லைகள் மட்டும் அப்படியே வரும். சீட் பையை அவிழ்த்தால் திரும்ப ஆடாமல் இழுத்துக் கட்ட எனக்குப் பத்து நிமிடம் ஆகிறது, பழகியவர்களுக்கு ஐந்து ஆகலாம். ஒரு நாளைக்கு ஏழு தடவை அந்த வேலையை யாரும் செய்ய மாட்டார்கள், அவிழ்க்காமல் அப்படியே விட்டுவிட்டுத்தான் போவார்கள். அடியில் கிடக்கிற சட்டையை எடுக்க மேலே இருக்கிற எல்லாவற்றையும் வெளியே போட வேண்டும், கோயில் வாசலில் உள்ளாடையை விரித்துவைத்துக்கொண்டு வேட்டி தேடுகிற காட்சி நன்றாகவா இருக்கும்?

இன்னும் இரண்டு விஷயம், கடைக்காரர் சொல்ல மாட்டார். ஒன்று, உயரம். சீட் பை நிற்பதற்குச் சீட்டுக்கும் பின் டயருக்கும் நடுவில் நல்ல இடைவெளி வேண்டும். ஐந்தரை அடிக்குக் குறைவானவர்கள் சின்ன ஃப்ரேமில் சீட்டை இறக்கி வைத்து ஓட்டும்போது அந்த இடைவெளி ஒரு சாண் கூட இருக்காது, நிரப்பிய பை ஒவ்வொரு பள்ளத்திலும் டயரில் உரசும். வருகிற மூவரில் ஒருவர் ஐந்தடி இரண்டு அங்குலம், அவருக்கு இந்தச் செட் கிடையவே கிடையாது. இரண்டாவது, தண்ணீர். ஃப்ரேம் முக்கோணத்தில் பை வந்து உட்கார்ந்தால் பாட்டில் மாட்டுகிற இடம் போய்விடும். வெயில் காலத்தில் இங்கே ஒரு ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீராவது வேண்டும், ஒரு லிட்டர் ஒரு கிலோ, ஆக உங்கள் துணிமணியை விடத் தண்ணீர் கனம். அதை வைக்க மிகச் சிறந்த இடம் அந்த முக்கோணம்தான். அதை விட்டுக்கொடுத்துவிட்டுத் தண்ணீரை எங்கே கட்டப் போகிறீர்கள்?

சைடு பைக்கு வருகிறேன். கடையில் பன்னியர் என்பார்கள். பின் கேரியரின் இரண்டு பக்கமும் தொங்குகிற ஜோடி. என் ஓட்டு இதற்குத்தான், மறைக்கவில்லை. ஆனால் வாங்குகிறவர்கள் பையை நாலு நாள் ஆராய்ந்துவிட்டு, அது தொங்கப் போகிற கேரியரை நாலு நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள், அங்கேதான் தப்பு நடக்கிறது. நானும் செய்தேன்.

முதன்முதலாக நான் வாங்கியது சீட் தண்டைக் கவ்விப் பிடிக்கிற ரக கேரியர். ஒரே ஒரு திருகு, இரண்டு நிமிடத்தில் மாட்டிவிடலாம், ஆன்லைனில் மலிவு. 10 கிலோ வரை தாங்கும் என்று அட்டையில் எழுதியிருந்தது, நான் படித்தேன், படித்துவிட்டு மறந்தேன். ஆத்தங்குடியில் வீட்டுக்கு மாதிரி காட்ட நாலு கல் வாங்கிப் பைக்குள் போட்டேன். எட்டு அங்குலக் கல் ஒன்று ஒன்றரை கிலோவுக்குக் குறையாது, சிமெண்டும் மணலும்தானே, நாலு கல்லுக்கு ஆறு கிலோ. ஏற்கெனவே இருந்த துணி, பூட்டு, பம்பு, தண்ணீர். முதல் வேகத்தடை ஒன்றும் செய்யவில்லை, இரண்டாவதில் கேரியர் மொத்தமாக இடது பக்கம் திரும்பிக்கொண்டது, பை டயரில் உரசி ஓரம் தேய்ந்து நூல் தொங்கியது. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது இப்போதும் வீட்டில் சூடான பாத்திரம் வைக்கப் பயன்படுகிறது.

பிறகு ஊரில் ஒரு சைக்கிள் கடை அண்ணனிடம் போய் நின்றேன். அவர் பையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "பை எதுனாலும் தொங்கும் தம்பி, கேரியர் கால் எங்க ஊன்றியிருக்குன்னு மொதல்ல பாருங்க" என்றார். அவ்வளவுதான் விஷயம். கேரியரின் கால் இரண்டும் பின் சக்கர ஆக்சிலுக்குப் பக்கத்தில் ஃப்ரேமிலேயே ஊன்ற வேண்டும், அப்போதுதான் பாரம் நேராக ஆக்சிலுக்குப் போகும். மேலே சீட்டுக்குக் கீழே பிடிக்கிற கம்பி முன்னும் பின்னும் ஆடாமல் நிறுத்துவதற்கு மட்டும். இப்படி ஊன்றிய அலுமினிய கேரியர்கள் பெரும்பாலும் 25 கிலோ வரை தாங்கும் என்று அச்சடித்திருப்பார்கள். இரும்பு கேரியர் கொஞ்சம் கனம், ஆனால் உடைந்தால் தேவகோட்டையிலோ புதுவயலிலோ ஏதாவது ஒரு வெல்டிங் பட்டறையில் பத்து நிமிடத்தில் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். அலுமினியத்தைச் சாதாரண வெல்டிங்கில் ஒட்ட முடியாது, கயிறு கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

கேரியர் உடைவதை விட அதன் போல்ட் கழன்று விழுவதுதான் அடிக்கடி நடக்கிறது. அனேகமாக எல்லாவற்றிலும் 5 மில்லிமீட்டர் போல்ட், அலன் சாவியில் திருகுவது. அதிர்விலேயே கொஞ்சம் கொஞ்சமாக இளகும். மாட்டும்போது மரையில் ஒரு சொட்டு லாக்டைட் (மரை இளகாமல் பிடிக்கிற பசை) விடுங்கள், உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு போட இடமிருந்தால் இன்னும் நல்லது, உபரியாக நாலு போல்ட் வாங்கி ஒரு பொட்டலத்தில் வையுங்கள். தினமும் காலையில் டீ வருவதற்குள் விரலால் ஒரு தடவை எல்லாவற்றையும் திருகிப் பார்த்துவிட்டால் போதும்.

குதிகால் விஷயமும் உண்டு. பந்தய சைக்கிள் மாதிரி குட்டையான ஃப்ரேமில் பெடலின் நடு அச்சிலிருந்து பின் ஆக்சிலுக்கு 41, 42 சென்டிமீட்டர்தான் இருக்கும். சுற்றுப்பயணத்துக்கென்று செய்த சைக்கிளில் 45க்குப் பக்கம். குட்டை ஃப்ரேம், பெரிய பாதம், பெரிய பை மூன்றும் சேர்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் குதிகால் பையை உதைக்கும். கடையிலேயே பையை மாட்டி, ஷூ போட்டுக்கொண்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். இடித்தால் கொக்கியை நகர்த்திப் பையைப் பின்னால் தள்ள முடிகிறதா என்று பாருங்கள், தள்ள முடியாத பை என்றால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள், தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும் சரி.

இப்போது பை. இதில் மூன்று தரம் இருக்கிறது, மூன்றையும் வைத்திருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

மேல்தரம் என்றால் ஜெர்மனியின் ஆர்ட்லீப். 1982இல் தொடங்கிய கம்பெனி, லாரிக்குப் போடுகிற தார்ப்பாயில் சைக்கிள் பை செய்தால் என்ன என்ற யோசனையில் பிறந்தது. அவர்களுடைய பேக் ரோலர் கிளாசிக் ஜோடி 40 லிட்டர், எடை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஓரங்களை ஊசியால் தைக்காமல் உருக்கி ஒட்டியிருப்பார்கள், வாயை மூன்று சுற்றுச் சுருட்டிக் கிளிப் போடுவது, ஜிப்பே கிடையாது. மழைக்குத்தான் அப்படிச் செய்தார்கள், நம் ஊரில் அதன் அருமை தெரிவது செம்மண் புழுதியில். ஜிப் வைத்த பையில் இரண்டு நாள் செம்மண் தடத்தில் போனால் மூன்றாம் நாள் ஜிப் பல்லைக் கடிக்கும், மெழுகுவர்த்தி தேய்க்க வேண்டி வரும். ஆனால் இந்தப் பையில் எனக்குப் பிடித்தது தண்ணீர் புகாததும் இல்லை, புழுதி புகாததும் இல்லை. மேலே ஒரு கைப்பிடி, அதைத் தூக்கினால் கொக்கி தானாகத் திறந்து பை கையோடு வந்துவிடும். வைத்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும். ஜோடியையும் எடுக்க ஐந்து விநாடி. நான் எண்ணச் சொன்ன அந்த ஏழு தடவைக்கு இதை விடச் சரியான பதில் இல்லை. குறை, விலை. இங்கே ஒரு ஜோடி வாங்குகிற பணத்தில் சாதாரணச் சைக்கிள் ஒன்றையே வாங்கிவிடலாம், மிச்சமும் கையில் இருக்கும். வருடத்துக்கு ஒரு தடவை நாலு நாள் ஓட்டுகிறவர் இதை வாங்கிப் பரணில் போட்டு வைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. அப்படி ஒரு நண்பர் உங்களுக்கு இருந்தால் இரவல் கேளுங்கள்.

நடுத்தரம், துணிப் பை. டெக்கத்லான் மாதிரிக் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும், விலை மேலே சொன்னதில் ஒரு சிறு பங்குதான். மழை வந்தால் மேலே ஒரு உறை போட வேண்டும், அல்லது உள்ளே கனத்த பாலிதீன் உறை. நான் உள் உறைக் கட்சி. மேல் உறை காற்றில் பறக்கும், சக்கரப் பக்கமிருந்து தெறிக்கிற சேற்றைத் தடுக்காது. மார்கழி நடுவில் வருகிறவர்களுக்கு மழைப் பயம் பெரிதாக வேண்டாம், ஐப்பசி கார்த்திகையில் வந்தால் மட்டும் உள் உறை கட்டாயம். இந்தத் தரத்தில் வாங்கும்போது கொக்கியை மட்டும் உற்றுப் பாருங்கள். சிலவற்றில் இரண்டு பையும் நடுவில் ஒரு பட்டையால் சேர்ந்தே இருக்கும், கழுதைப் பொதி மாதிரிக் கேரியரின் மேல் போட்டு நாலு இடத்தில் பெல்ட்டால் கட்டுவது. மலிவு, உறுதி, ஆனால் கழற்றுவது பெரும்பாடு. கழற்றிய பிறகும் தோளில் முன்னும் பின்னுமாகத் தொங்கவிட்டுக்கொண்டு லாட்ஜ் படியேறினால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். தனித்தனிப் பை, மேலே கொக்கி, கீழே இழுத்துப் பிடிக்க ஒரு எலாஸ்டிக் என்றால் வாங்கலாம். கொக்கி உங்கள் கேரியர்க் கம்பியின் தடிமனுக்குப் பொருந்த வேண்டும், லொடலொடவென்று இருந்தால் பள்ளத்தில் துள்ளிக் கழன்றுவிடும். கம்பி மெலிதாக இருந்தால் அதில் பழைய டியூப் ரப்பரைச் சுற்றித் தடிமனாக்கலாம்.

மூன்றாவது, தைத்து வாங்குவது. ஆட்டோ சீட்டும் லாரித் தார்ப்பாயும் தைக்கிறவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள். அட்டையில் அளவு வெட்டிக் கொடுத்து, பின்பக்கத்துக்கு விறைப்பாக ஒரு பிளாஸ்டிக் பலகை வைத்து, கடையில் விற்கிற கொக்கி வாங்கிக் கொடுத்தால் தைத்துத் தருவார்கள். என்னிடம் இருப்பதில் எனக்கு மிகவும் பிடித்த ஜோடி இப்படித் தைத்ததுதான், பச்சைத் தார்ப்பாய், பார்க்க அரிசி லாரியின் குட்டி மாதிரி இருக்கும். தைத்த ஓட்டை வழியாக மழைநீர் கசியும், அதற்கும் உள் உறைதான் வழி. ஒரு எச்சரிக்கை, பின்பலகை இல்லாமல் தைக்க விட்டுவிடாதீர்கள். பலகை இல்லாத பை உப்பி, வளைந்து, சக்கரக் கம்பிக்குள் போகும். என் முதல் ஜோடி அப்படித்தான் இரண்டு போக்ஸ் கம்பியைத் தின்றது.

கம்பி என்றதும் ஞாபகம் வருகிறது, வருகிறவர்களில் ஒருவர் தன் சைக்கிளை விட்டுவிட்டு இங்கே என் பெரியப்பாவின் பழைய கறுப்புச் சைக்கிளை ஓட்டுகிறேன் என்கிறார். தாராளமாக. அந்த வகைச் சைக்கிளில் முன் சக்கரத்தில் 32 கம்பி, பின் சக்கரத்தில் 40. இப்போது வருகிற கியர் சைக்கிள் பலவற்றில் பின்னால் 32 கம்பி, சிலவற்றில் 28கூட. நாற்பது கம்பியும் தடித்த இரும்புக் கேரியரும் இருக்கிற வண்டியில் என்ன வைத்தாலும் தாங்கும். புதுவயல் பக்கம் அதில் அரிசி மூட்டை போவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இருபது கிலோ எல்லாம் ஒரு பாரமா? அதற்கு விசேஷப் பையே தேவையில்லை. வாய் சுருட்டுகிற, தண்ணீர் புகாத டிரை பேக் ஒன்று, 30 லிட்டர், கேரியரின் மேல் குறுக்காகப் படுக்கவைத்து டியூப் ரப்பரால் இரண்டு சுற்று. ரப்பர் கொக்கியை அவிழ்த்தால் பை தோளில். கழற்றி மாட்டும் கணக்கில் இதுவும் நல்ல மார்க் வாங்கும், செலவோ மிகக் குறைவு. பாரம் உயரத்தில் இருப்பதால் நிறுத்தும்போது வண்டி சாயப் பார்க்கும், அந்த வண்டியின் பெரிய ஸ்டாண்டு அதைச் சமாளித்துவிடும். சைடு பையை இதில் மாட்டாதீர்கள், ஸ்டாண்டைத் தூக்கி இறக்கும்போது இடிக்கும்.

ஹேண்டில்பாரில் ஒயர் கூடையோ மஞ்சப்பையோ தொங்கவிடுவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். ஆச்சி ஒருவர் பாசத்தோடு கட்டிக் கொடுத்த முறுக்குப் பையை அப்படி மாட்டிக்கொண்டு வந்து, அரியக்குடி தாண்டி ஒரு திருப்பத்தில் பை கம்பிக்குள் போய், நான் ஹேண்டில்பாருக்கு மேல் போனேன். முழங்கையில் தழும்பு இருக்கிறது. முறுக்கு மாவாகிவிட்டது.

அதற்குப் பதில் முன்னால் ஒரு சின்ன பை வாங்குங்கள், இது மூன்று பேருக்கும் பொது. ஐந்து ஆறு லிட்டர், ஹேண்டில்பாரில் ஒரு தாங்கியை நிரந்தரமாகப் பொருத்திவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் பை கையில் வருகிற ரகம், தோளில் மாட்ட வாருடன். பணம், போன், கேமரா, மருந்து, சார்ஜர் எல்லாம் இதற்குள். இது ஒன்று இருந்தால் பின்னால் இருக்கிற பைகளைப் பற்றிய கவலை பாதி போய்விடும், கோயிலுக்குள்ளும் மெஸ்ஸுக்குள்ளும் இது மட்டும் கூட வரும். பின் பைகளில் அழுக்குத் துணியும் பம்பும்தானே, அதை யார் எடுக்கப் போகிறார்கள்? நண்பர்களே, பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் பின் பையில் மலிவாகப் போங்கள், முன் பையில் போகாதீர்கள். பாரம் மட்டும் இரண்டு கிலோவைத் தாண்ட வேண்டாம், ஹேண்டில் கனத்துத் திருப்பத்தில் தள்ளும்.

பின்னால் இழுக்கிற டிரெய்லர் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். நாலு நாளுக்கா? ரயிலில் அதற்குத் தனி பார்சல் கட்டணம், ஒவ்வொரு வேகத்தடையிலும் ஒரு குட்டிக்கரணம். வேண்டாம்.

ரயில் என்றதும் ஒன்று. சைக்கிளைப் பிரேக் வேனுக்கு புக் செய்யும்போது அதில் எதுவும் தொங்கக் கூடாது, பம்பு, பாட்டில், பை எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டிக்குள் உங்களோடு எடுத்துப் போக வேண்டும். எழும்பூர் பிளாட்பாரத்தில் இரண்டு சைடு பையை இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, முன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பது சுலபம். மூன்று நான்கு குட்டிப் பைகளைப் பெல்ட்டும் வாருமாக அள்ளிக்கொண்டு ஓடுவது சுலபமில்லை. இதற்கென்றே மெலிதான பெரிய துணிப்பை ஒன்றை மடித்து வைத்திருங்கள், சில்லறைப் பைகள் எல்லாம் அதற்குள் போய்விடும். காரைக்குடி வந்த பிறகு அது இன்னொன்றுக்கும் உதவும். வளவில் பாவியிருக்கிற ஆத்தங்குடிக் கல், கண்ணாடி மேல் ஊற்றி எடுத்த வழவழப்பு, வீட்டுக்காரர்கள் துடைத்துத் துடைத்து ஏற்றிய பளபளப்பு. அதன் மேல் சக்கரப் பக்கமெல்லாம் செம்மண் அப்பிய பையை வைக்க உங்களுக்கே மனசு வராது. துணியை முகப்பில் விரித்து அதன் மேல் வையுங்கள், வீட்டு ஆச்சி உங்களை இன்னும் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்வார்.

ஆக, யாருக்கு என்ன என்று சொல்லிவிடுகிறேன். கேரியர் ஓட்டையுள்ள ஹைப்ரிட் சைக்கிள் வைத்திருக்கிறவர் கால் ஊன்றிய கேரியரும் தனித்தனிக் கொக்கி வைத்த துணிச் சைடு பையும் வாங்கட்டும், ஜோடி 30 லிட்டர் தாராளம். 40 வாங்கினால் நிரப்பாமல் இருக்க உங்களால் முடியாது. பாரம் ஏற ஏறப் பின் சக்கரத்தில் கியர்ப் பக்கத்துக் கம்பிதான் முதலில் போகும், கிளம்புவதற்கு முன் பஞ்சர் கடையில் ஒரு தடவை கோட்டம் பார்த்துவிடுங்கள். பந்தய சைக்கிள்காரருக்கு கேரியர் மாட்ட வழியே இல்லை, அவருக்கு மட்டும் சீட் பை, ஆனால் சின்னது, எட்டுப் பத்து லிட்டர், துணி மட்டும், அதைக் கழற்றவே வேண்டாம். மிச்சச் சாமானை மற்ற இருவரும் பங்கு போட்டுக்கொள்ளட்டும், அதற்குப் பதிலாக அவர் டீக்குக் காசு கொடுக்கட்டும். ஐந்தடி இரண்டு அங்குலக்காரருக்குப் பெரியப்பா சைக்கிள்தான் ஆசை என்றால் ஒரு விஷயம், அது 24 அங்குல ஃப்ரேம், கால் எட்டாது. அதே மாதிரி நடுப் பார் இல்லாத லேடீஸ் சைக்கிள் ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கிறது, முன்கூடையோடு. அந்தக் கூடையே முன் பை, மேலே ஒரு வலை போட்டால் முடிந்தது, பின்னால் டிரை பேக்.

யாரும் பையை நிரப்பிக்கொண்டு வராதீர்கள், கால்வாசி காலியாகவே வரட்டும். திரும்பிப் போகும்போது கண்டாங்கிச் சேலை வரும், பனையோலைக் கொட்டான் வரும், சீடையும் மணகோலமும் தேன்குழலும் கிலோக்கணக்கில் வரும். சேலையைச் சுருட்டிப் பையின் அடியில் மெத்தையாகப் போடுங்கள், கல் வாங்கினால் அதைத் துண்டில் சுற்றிச் சக்கரப் பக்கமாக நிறுத்தி வையுங்கள், இரண்டு பையிலும் சமமாக, ஒரு பக்கம் மூன்று ஒரு பக்கம் ஒன்று என்றால் வண்டி இழுக்கும். தேன்குழல் மட்டும் பைக்குள் வேண்டாம். கொட்டானில் போட்டு, கேரியர் மேல் எல்லாவற்றுக்கும் உச்சியில், டியூப் ரப்பரை இறுக்காமல்.